தோட்டத்துக் குரலில் பத்து நிமிட வானொலி நிகழ்ச்சி: போனை வைத்துச் செய்யும் முறை

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்து மக்களின் குரலில் நிகழ்ச்சி செய்யப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று. சொந்தமாக ட்ரான்ஸ்மிட்டர் வாங்கி எஃப்.எம். தொடங்கிவிடாதீர்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் அலைவரிசையைத் தொட்டால் வழக்கு வரும். 1981இல் மகாவலி சமூக வானொலியும், 1989இல் கொத்மலை வானொலியும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தோடு சேர்ந்துதான் இயங்கின. ஆகவே நம் வேலை நிகழ்ச்சியைச் செய்வது மட்டும். அதை நிலையம் ஒன்றிடம் கொடுக்கலாம். கோயில் ஸ்பீக்கரில் போடலாம். தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் விடலாம்.

1. கேள்வியைத் தேடுங்கள்

1990களின் கடைசியில் கொத்மலை வானொலியில் ஒரு முறை வைத்திருந்தார்கள். நேயர் கேள்வி அனுப்புவார். அறிவிப்பாளர் இணையத்தில் பதில் தேடி, விஷயம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, மக்கள் பேசும் மொழியில் விளக்குவார். இதைவிட நல்ல வடிவம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

தலைப்பை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்த முதல் கேள்வி அரச அலுவலகக் கடிதம் பற்றியது: "கந்தோர்ல இருந்து சிங்களத்துல கடிதம் வருது, யாருகிட்ட போயி வாசிக்கிறது?" 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. தமிழில் பதில் கேட்பது உரிமை என்று ஒருவர் வந்து சொன்னாலே நிகழ்ச்சியில் பாதி ஆயிற்று.

2. பேச வைப்பது

எங்களுக்கு அதிகம் கஷ்டம் கொடுத்தது இதுதான். போனை நீட்டி "உங்கள் பிரச்சினை என்ன?" என்று கேட்டால், "நாங்க என்னத்தச் சொல்றது தங்கச்சி, ஒங்களுக்குத் தெரியாததா" என்பதோடு பேச்சு நின்றுவிடும். அபிப்பிராயம் கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள்: "அக்கா, அந்தக் கடிதம் வந்தன்னைக்கு என்ன செஞ்சீங்க?" பேச்சு தானாக ஓடும். குறுக்கே "ஆமா, ஆமா" போடாமல் தலையை மட்டும் ஆட்டுங்கள். உங்கள் குரல் அவருடைய வசனத்தின் மேல் விழுந்தால் பிறகு வெட்ட முடியாது.

நேரமும் முக்கியம். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டு நேரத்தில் வேண்டாம். கொழுந்து நிறுக்கும் இடத்திலும் வேண்டாம். வேலையை மேற்பார்க்கும் கங்காணி பக்கத்தில் நிற்கும்போது யாரும் மனதில் உள்ளதைச் சொல்வதில்லை. மாலையில், தண்ணீர் பிடித்து முடித்த பிறகு போங்கள். தோட்ட நிர்வாகத்தைப் பற்றிப் பேசுகிறார் என்றால் பெயரையும் டிவிஷனையும் (தோட்டப் பிரிவையும்) நீக்கிவிடுங்கள். வேலைக்கு ஆபத்து வந்தால் அது அவருக்குத்தான், நமக்கு இல்லை.

3. இடம்

மலையில் காற்றுதான் எதிரி. இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) பதிவு செய்யாதீர்கள். உள்ளே போய், வாசலில் கம்பளியைத் தொங்கவிடுங்கள், எதிரொலியும் குறையும். தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் நிறுத்திவிட்டுத் தேநீர் குடியுங்கள். எந்த மென்பொருளும் அந்தச் சத்தத்தைச் சுத்தமாக எடுக்காது.

போன் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். விலை கூடிய போனைவிட, சட்டையில் குத்தும் வயர் மைக் நல்லது என்பேன். பேச்சு முடிந்ததும் பத்து விநாடி அறையின் வெறும் அமைதியையும் பதியுங்கள்.

4. வெட்டி ஒட்டுதல்

ஒலியை வெட்டி ஒட்ட ஒடாசிட்டி என்ற மென்பொருள் போதும், இலவசம், பழைய கணினியிலும் ஓடும். பதிந்த அந்த அமைதியைக் காட்டி, இரைச்சலைக் குறைக்கும் 'நொய்ஸ் ரிடக்ஷன்' கொடுங்கள். அதன் அளவு கூடினால் குரல் தகரம் தட்டியதுபோல் ஆகிவிடும். கொஞ்சம் இரைச்சல் இருந்தால் பரவாயில்லை. மோனோ (ஒற்றைத் தட) எம்.பி.3 ஆகச் சேமியுங்கள்.

5. முதலில் பேசியவருக்கு

வெளியே போகுமுன் அந்த அக்காவுக்குப் போட்டுக் காட்டுங்கள். "இத எடுத்துருங்க" என்றால் காரணம் கேட்காமல் எடுங்கள். இந்தப் படியை மட்டும் யாரும் தாண்டக் கூடாது. ஒருவரின் நம்பிக்கை போனால், அடுத்த முறை முழு லயமும் பேசாது.

பிற்சேர்க்கை

படித்துவிட்டுச் செய்து பார்த்த சிலருக்கு, போனில் பதிந்த எம்.4.ஏ. கோப்பு விண்டோஸ் ஒடாசிட்டியில் திறக்கவில்லை. எஃப்.எஃப்.எம்பெக் என்ற துணை நிரலைத் தனியாக நிறுவ வேண்டும். இன்னொன்று: நிலையத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது குரல் செய்தியாகப் பேசி அனுப்பாதீர்கள், தரம் குறைந்துவிடும். கோப்பை 'டொகியுமெண்ட்' ஆக இணைத்தால் அப்படியே போய்ச் சேரும்.