சைலன்சரை மாற்றுகிறவர்கள் செய்யும் தவறுகள்

சத்தம் கூடினால் பவரும் கூடிவிட்டது என்று நம்புவதுதான் முதல் தவறு. மற்ற பல தவறுகள் இதிலிருந்தே பிறக்கின்றன. சைலன்சருக்குள் இருக்கும் தடுப்புகளைப் பிடுங்கிவிட்டால் வண்டி சீறுவதுபோலக் கேட்கும். வேகம் கூடியதா என்பது வேறு கேள்வி. அதற்குக் காது பதில் சொல்லாது.

குழாய்க்குள் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் புகை வெளியேறுகிறது; கூடவே ஓர் அழுத்த அலையும் கிளம்புகிறது. சாதாரணக் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். சூடான புகையில் அந்த அலை 500 மீட்டர் அளவில் ஓடும், புகையோ அதைவிட மிக மெதுவாகப் பின்னால் வரும். அலை குழாயின் திறந்த வாயைத் தொட்டதும் அதில் ஒரு பங்கு குணம் மாறித் திரும்புகிறது: தள்ளிக்கொண்டு போனது இழுத்துக்கொண்டு வரும். புகை போகும் வால்வு, காற்று வரும் வால்வு இரண்டும் லேசாகத் திறந்திருக்கும் நேரத்தில் அது வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை உறிஞ்சி, புதுக் காற்றும் பெட்ரோலும் உள்ளே வர உதவும். நேரம் தப்பினால் அந்த உதவி கிடைக்காது.

ஒரு கணக்கு போடலாம். ஒரு மீட்டர் குழாயில் அலை போய்த் திரும்ப 4 மில்லிநொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் 8000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 8000 சுற்று) பிஸ்டனோடு இணைந்த கிராங்க் தண்டு 192 டிகிரி சுற்றியிருக்கும்; 4000-த்தில் 96 டிகிரிதான். குழாய் அதே குழாய், அலை வந்து சேரும் கட்டம் வேறு. அதனால் எல்லா வேகத்திலும் பவர் கூடும் என்று சொல்லி பைப் விற்பவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். இந்தச் சிக்கலுக்காகவே யமஹா 1987-இல் எக்ஸாஸ்டுக்குள் திறந்து மூடும் ஒரு வால்வை வைத்தது. எக்ஸப் என்று பெயர்.

‘எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேணும்’, அதாவது புகை வெளியேற கொஞ்சம் தடை வேண்டும் என்பது ஒர்க்‌ஷாப்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு. பேக் பிரஷரால் பிஸ்டனுக்குக் கூடுதல் வேலைதான். எஞ்சினிலிருந்து வளைந்து வரும் பெண்ட் பைப்பைப் பெரிய விட்டத்தில் போட்டதும் கீழ் ஆர்பிஎம்மில் பிக்கப் செத்துப்போவதைப் பார்த்து வந்த நம்பிக்கை அது. உண்மையில், அகலமான குழாயில் புகையின் வேகம் குறைந்து, அலை வலுவிழந்திருக்கும். பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கார்புரேட்டர் ஜெட்டையும் புதுக் குழாய்க்கு ஏற்றபடி யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

டூ ஸ்ட்ரோக் வண்டியில் கைவைத்தால் நஷ்டம் இன்னும் பெரிது. அங்கே எக்ஸாஸ்ட் வால்வே கிடையாது; சிலிண்டர் சுவரில் போர்ட் என்ற துளைதான். அதனால் காற்றும் பெட்ரோலும் சேர்ந்த புதுக் கலவை புகையோடு சேர்ந்து வெளியே ஓடிவிடும். பைப்பின் விரியும் பகுதி உறிஞ்சுகிறது. பின்னால் குறுகும் பகுதியோ அழுத்தத்தைத் திருப்பி அனுப்பி, தப்பி ஓடிய கலவையை போர்ட் மூடுவதற்குள் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் இதைப் பந்தய வண்டிகளில் செம்மைப்படுத்தினார். அங்கு ஓட்டிய எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் மேற்கே தப்பி, அந்த வித்தையோடு சுசுகியில் சேர்ந்தார். மறு ஆண்டே சுசுகிக்கு 50 சிசி உலகப் பட்டம். ஒரு குழாயின் வடிவத்துக்கு இவ்வளவு மதிப்பு! அதைத்தான் நம் ஊரில் யமஹாவின் டூ ஸ்ட்ரோக் வண்டியான ஆர்எக்ஸ் 100-இல் அறுத்துக் குட்டையாக்குகிறார்கள்.

ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி எறிவதும் இதே வகைதான். காற்று உள்ளே வரும் வழியிலும் அலைகள் உண்டு. பெட்டியின் கொள்ளளவும் குழாயின் நீளமும் அதற்காகக் கணக்கிட்டவை.

யாரும் கவனிக்காத தவறு ஒன்று உண்டு: குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தை அடைக்கும் பழைய கேஸ்கெட்டையே மறுபடி மாட்டுவது. இழுக்கும் அலை வரும்போது அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே புகும். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பட் பட்டென்று வெடிக்கும். பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியில் புகையை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சார் அந்த வெளிக்காற்றால் ஏமாந்து, தேவைக்கு மேல் பெட்ரோலை ஊற்றச் சொல்லும். அப்புறம் மைலேஜ் குறைகிறது என்று இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருப்பார்கள். புது கேஸ்கெட் போட்டு போல்ட்டைச் சரியாக முறுக்கினாலே தீர்கிற விஷயம் அது.