கழற்றிய டிஸ்க்கைக் காட்டுங்கள் என்றேன்

பிரேக் பிடிக்கும்போது கீச்சென்று சத்தம், காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். மாலையில் போன்: "சார், பேடு மட்டுமில்ல, டிஸ்க்கும் போச்சு, மாத்திட்டோம்." டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு, பேடு அதை அழுத்திப் பிடிக்கும் கட்டை. என்னைக் கேட்கவே இல்லை, பில் மட்டும் இரண்டு மடங்கு. நல்லவேளை, விடும்போதே ஜாப் கார்டில் 'பேடு மட்டும், கூடுதல் வேலை என்றால் முதலில் கேட்கவும்' என்று எழுதவைத்து, கிலோமீட்டர், பெட்ரோல் முள், கதவுக் கீறல் எல்லாவற்றையும் போட்டோ எடுத்திருந்தேன்.

சண்டை போடவில்லை. கழற்றியதைக் காட்டுங்கள் என்றேன். விளிம்பில் மட்டும் துரு, நகத்தால் தடவினால் பள்ளமே இல்லை. டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதன் மேலேயே மி.மீ. கணக்கில் பொறித்திருக்கும், பலர் கவனிப்பதில்லை. அளந்து காட்டச் சொன்னதும் மேனேஜருக்குச் சுருதி இறங்கிவிட்டது. அந்த அளவைவிட 2 மி.மீ. கூடுதலாகவே இருந்தது.

பழையதையே மாட்டி, டிஸ்க் விலையையும் கூலியையும் பில்லில் அடித்தார்கள். ஒப்புக்கொண்ட பேடு வேலைக்கு உடனே பணம் கட்டிவிட்டேன், ஏனென்றால் அந்தப் பாக்கி இருந்தால் வண்டியைப் பிடித்துவைக்கப் பல நாடுகளில் ஒர்க்‌ஷாப்புக்கும் உரிமை உண்டு. அப்புறம் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். சத்தம் போயே போச்சு.