பழி தங்கத்தின் மேல்

பினாங்கில் முதுகலை ஆய்வு செய்தபோது நடந்தது. தங்க நானோ குச்சிகளைச் செல்கள் மேல் விட்டால், மறுநாளே பாதிக்கு மேல் செத்துக் கிடக்கும். உயிருள்ள செல் இருந்தால் ஊதாவாக மாறும் எம்டிடி சோதனையில் நிறமே ஏறாது. தங்கத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆய்வகத்து அக்கா ஒருவர், "குச்சியை விடு தம்பி, அது அடியில் படிந்த பிறகு மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்றிப் பார்" என்றார். அப்போதும் செத்தன. குற்றவாளி, குச்சி வளரப் போடும் சிடிஏபி என்ற வேதிப்பொருள். சோப்பு மாதிரிதான், செல் சவ்வையே கரைத்துவிடும்.

சரி, கழுவலாம் என்று மையவிலக்கியில் சுழற்றினேன். ஏசி குளிரில் சிடிஏபி வெள்ளை ஊசிகளாகப் படிந்து குச்சிகளோடு அடியில் தங்கியது. (வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே இந்தக் கூத்து.) 30 டிகிரி நீரில் வைத்துக் கரைத்த பிறகே சுழற்றினேன். மூன்றாவது கழுவலில் குச்சிகள் ஒட்டிக்கொண்டு செந்நிறம் போய்ச் சாம்பலாகிவிட்டது. அப்புறம் இரண்டோடு நிறுத்தி, தயால் என்ற கந்தக முனை கொண்ட பெக் (ஒரு நீள்சங்கிலிப் பாலிமர்) சேர்த்து இரவு முழுக்கக் கலக்கவிட்டு, மறுபடி கழுவினேன். கந்தகம் தங்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சிடிஏபி இடம் விட்டு நகரும்.

அடுத்த வாரம் தட்டில் குழிக்குக் குழி ஊதா. பசியாறக்கூடப் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.