பெயின்டிங் கான்ட்ராக்டில் பிரஷ், ரோலர், ஸ்ப்ரே மெஷினைப் பார்த்துக்கொள்வது எப்படி

முதலில் வேலை நேரத்தை மாற்றுங்கள். ஆறு மணி வரை சுவரில் அடிக்கவிட்டு, அப்புறம் "எல்லாத்தையும் கழுவி வைங்கப்பா" என்றால் பஸ்ஸுக்கு ஓடுகிற ஆள் எவரும் ஒழுங்காகக் கழுவ மாட்டார். கடைசி அரை மணி நேரம் கழுவுவதற்குத்தான், அதுவும் கூலியில் சேர்த்தி என்று சொல்லிவிடுங்கள்.

எமல்ஷன் (தண்ணீர் கலக்கும் பெயின்ட்) அடித்த பிரஷ், ரோலருக்குத் தண்ணீர் போதும், காய்வதற்குள் கழுவ வேண்டும். நுனி வெளுத்ததும் நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் பெயின்ட் தங்குவது தகரப் பூணை ஒட்டி மயிர் தொடங்கும் இடத்தில். அங்கே இறுகிப்போனால் மயிர் விரிந்துகொள்ளும், ஓரம் பிடிக்கும்போது கோடு நேராக வராது. எனாமலுக்கு, அதாவது எண்ணெய் பெயின்டுக்கு, டர்பண்டைனில் இரண்டு அலசல், பிறகு சோப்புத் தண்ணீர். அலசிய டர்பண்டைனைக் கொட்டாமல் மூடியுள்ள டின்னில் வையுங்கள், கசடு அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை அடுத்த முறை முதல் அலசலுக்கு எடுக்கலாம்.

பட்டி பிளேடை உடனே கழுவித் துடைத்து லேசாக எண்ணெய் தடவினால் சரி.

காசு போவது ஏர்லெஸ் மெஷினில்தான், அதாவது காற்றைக் கலக்காமல் பெயின்டையே அழுத்தி அடிக்கிற ஸ்ப்ரே மெஷின். பெயின்டை மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்றினாலே பாதி அடைப்பு வராது. அடைத்த டிப்பை (பெயின்ட் வெளியே வரும் முனை) ஊசியால் குத்தாதீர்கள். டிப்பின் எண் 517 என்றால் அதன் துளை 0.017 அங்குலம், அதைக் கொஞ்சம் பெரிதாக்கினாலும் பெயின்ட் விசிறி போல விரிவது கெட்டு பெயின்ட் கூடுதலாகச் செலவாகும். வேலை முடிந்ததும் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓட்டி, கன்னில் உள்ள ஃபில்டரையும் உறிஞ்சுகுழாய் வலையையும் கழற்றிக் கழுவுங்கள். சில நாள் சும்மா கிடக்கப்போகிறது என்றால் கடைசியாகக் கொஞ்சம் டர்பண்டைனை உள்ளே ஓட்டி வையுங்கள், தண்ணீரோடு விட்டால் பம்ப் துருப்பிடிக்கும்.

எதைக் கழற்றுவதற்கு முன்பும் ஸ்விட்சை அணைத்து, அழுத்தத்தை முழுக்க இறக்கி, ட்ரிக்கரைப் பூட்டுங்கள். இந்த மெஷின்களில் 3000 பிஎஸ்ஐ வரை அழுத்தம் ஏறும், பெயின்ட் தோலுக்குள்ளேயே இறங்கிவிடும். ஊசி குத்தியது போலத்தான் தெரியும், ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் பெயின்ட் உள்ளே ஏறியிருக்கிறது என்று சொல்ல வேண்டும், தாமதித்தால் விரலே போகலாம்.

மர வேலையில் ஆளி விதை எண்ணெய் துடைத்த துணிகளைக் குடோனில் குவித்துப் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், வெளியே தனித்தனியாக விரித்துக் காயவையுங்கள்.