திரையைப் பூட்டாமல் எழுந்து போகாதீர்கள்

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஓ.பி. கவுன்ட்டரில் இருந்தபோது, டீ குடிக்க அவசரமாக எழுந்து போனேன். ஏற்காட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணின் ரத்தப் பரிசோதனை முடிவு திரையில் அப்படியே நின்றது. டோக்கன் போட வந்தவர் அந்தப் பெண்ணின் எஸ்டேட்டிலேயே இருப்பவர், அதைப் பார்த்துவிட்டார். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி அந்தப் பெண் வீடு போய்ச் சேர்வதற்குள் விஷயம் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த ரிவியூவுக்கு அவர் வரவில்லை. விண்டோஸ் பட்டனோடு 'எல்' எழுத்தைச் சேர்த்து அழுத்தியிருந்தால் திரை பூட்டிக்கொண்டிருக்கும். நான் அதைச் செய்யவில்லை.

அங்கே ஆறு பேருக்கும் ஒரே லாகின். பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டியிருக்கும். யார் எந்தப் பதிவைத் திறந்தார்கள் என்பதை மென்பொருள் குறித்துவைக்கிறது. ஆனால் எல்லாம் ஒரே பெயரில் விழுந்தால், பக்கத்து வீட்டுக்காரரின் ரிப்போர்ட்டை ஆசைக்குப் பார்த்தவர் யாரென்று எப்படிக் கண்டுபிடிப்பது? "அக்கா, உங்க ஐடிலயே போட்டுடறேன்" என்று ஷிப்ட் மாறும்போது கேட்பார்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, மறுத்துவிடுங்கள்.

ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் டாக்டருக்கு அனுப்புவது இப்போது பழக்கமாகிவிட்டது. அது உங்கள் கேலரியில் தங்கும், வீட்டில் பிள்ளைகள் கையிலும் போகும். பெயர், செல் நம்பர், அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்குக்கான 14 இலக்க ஆபா (ABHA) எண் எல்லாம் அதில் இருக்கும். வேறு வழியே இல்லையென்றால் அவற்றை மறைத்து அனுப்பி, உடனே அழித்துவிடுங்கள்.

"வீட்டுக்காரர்தாங்க, என்ன ரிசல்ட்னு சொல்லுங்க" என்று கேட்பவருக்கும் நோயாளி சம்மதமில்லாமல் சொல்லக் கூடாது. ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-இல் சட்டமே வந்தது. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரை, சட்டப்படி அதிகாரம் பெறாத ஒருவரிடம் மருத்துவர் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை உண்டு. இது கருக்கலைப்புச் சட்டத்தில் வந்த 2021 திருத்தம். கவுன்ட்டரில் பெயரையும் டெஸ்டையும் சேர்த்து உரக்கக் கூப்பிடுவதும் தவறுதான். டோக்கன் எண்ணே போதும்.

வேலையை விட்டுப் போனவரின் ஐடியை அன்றைக்கே முடக்கச் சொல்லுங்கள். மாதக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம்.