படுகாயம் அடைந்த கோழி: எதுவரை காப்பாற்ற முயல்வது, எப்போது வலியை முடித்துவைப்பது

நாய் கவ்விய கோழியையோ, மற்றக் கோழிகள் கூடிக் கொத்திய கோழியையோ கையில் எடுத்தவுடன் மனத்தில் தோன்றும் முதல் முடிவு பெரும்பாலும் தவறாகவே போகிறது. முதுகுத் தோல் உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்து சிவந்த தசை தெரிகிறபோது இது பிழைக்காது என்று நினைக்கிறோம். அந்தக் கோழி பல நேரம் பிழைத்துக்கொள்கிறது. இறகுக்கு அடியில் இரண்டு பல் தடம் மட்டும் பட்ட கோழியை ஒன்றுமில்லை என்று கூட்டில் விட்டுவிடுகிறோம். அது மூன்றாம் நாள் காலையில் விறைத்துக் கிடக்கிறது. ஆகையால் காயம் எவ்வளவு கோரமாகத் தெரிகிறது என்பதை விட்டுவிட்டு, கோழி தனக்குத்தானே என்னென்ன செய்துகொள்கிறது என்பதைப் பார்த்து முடிவெடுக்கப் பழக வேண்டும்.

காத்திருக்கவே கூடாத நிலைகள் சில உண்டு. குடல் வெளியே வந்து கிழிந்துவிட்ட கோழி, மண்டையோடு நொறுங்கி நினைவின்றித் துடிக்கும் கோழி, முதுகெலும்பு முறிந்து இரண்டு கால்களும் துணி போலத் தொங்கும் கோழி, கொண்டை நீலம் பாரித்து வாயைப் பிளந்து ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்தை நீட்டி வரவர மோசமாகும் கோழி ஆகியவற்றுக்கு, கால்நடை மருத்துவர் மிக அருகில் இருந்தாலன்றி, வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. இவற்றில் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கோழிக்கு வலி மட்டுமே.

மற்ற எல்லாக் காயங்களிலும் முதல் சில மணி நேரத்தில் முடிவெடுக்க வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு, கால்கள் சில்லிட்டு, கொண்டை வெளுத்துக் கிடக்கும் கோழி சாகப்போகிறது என்று தோன்றினாலும், அது அதிர்ச்சியின் அறிகுறியாகவே இருக்கலாம். இரத்தம் வழிந்தால் சுத்தமான துணியை வைத்து ஐந்து முதல் பத்து நிமிடம், இடையில் எடுத்துப் பார்க்காமல், அழுத்திப் பிடிக்க வேண்டும். 2 கிலோ எடையுள்ள கோழியின் உடலில் ஏறத்தாழ 150 மில்லி இரத்தம் இருக்கும். வெள்ளை இறகில் இரண்டு மூன்று தேக்கரண்டி பரவினாலே பார்ப்பவருக்கு மனம் பதறும் என்றாலும், அந்த அளவைக் கோழி பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பிறகு துணி விரித்த அட்டைப் பெட்டியில் படுக்கவைத்து, இருட்டாகவும் அமைதியாகவும் 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் வைக்க வேண்டும். சூடு தாங்காவிட்டால் நகர்ந்துகொள்ள பெட்டியின் ஒரு பக்கம் சற்றுக் குளிர்ந்திருக்கட்டும். தண்ணீரை எட்டும் தொலைவில் வைப்பதே போதும்; வாயைப் பிளந்து ஊற்றினால், நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே இருக்கும் மூச்சுக்குழல் வாய்க்குள் அது இறங்கிவிடும்.

கோழி சற்றுத் தெளிந்தபின் இறகுகளை ஊதி விலக்கி, உடல் முழுவதையும் பொறுமையாகப் பார்க்க வேண்டும். நாய்க்கடியில் தோல் முழுதாக இருந்தாலும் உள்ளே தசை நசுங்கியிருக்கும். பூனைக்கடி சிறிதாகத் தெரிந்தாலும், பூனையின் வாயில் உள்ள பாக்டீரியா ஓரிரு நாளில் உடல் முழுவதும் பரவிவிடும் என்பதால், அன்றே மருத்துவரிடம் மருந்து பெறாவிட்டால் பிழைப்பது அரிது. தோலுக்கு அடியில் காற்றுப் புகுந்து, தொட்டால் காகிதம் போல நெறுநெறுக்கும் வீக்கம் பார்க்கப் பயமாக இருக்கும். நுரையீரலோடு இணைந்த காற்றுப்பை கிழிந்ததால் வருவது அது, கோழி நன்றாக மூச்சுவிடும்வரை அதற்காக மட்டும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 9 கிராம் உப்புக் கரைத்து மேற்காயங்களைக் கழுவலாம். ஆனால் முதுகிலோ வயிற்றிலோ உள்ள ஆழமான துளைக்குள் தண்ணீரைப் பாய்ச்சவே கூடாது: காற்றுப்பைகள் வயிறு வரை பரவியிருப்பதால் அந்தத் தண்ணீர் மூச்சுப் பாதைக்கே போய்விடலாம்.

கால் விரலை அழுத்தினால் கோழி காலை இழுத்துக்கொள்கிறதா என்று பார்ப்பது வழக்கம். இழுத்துக்கொள்ளவில்லை என்றால் அது கெட்ட அறிகுறி. இழுத்துக்கொண்டால் மட்டும் தண்டுவடம் நன்றாக இருக்கிறது என்று கொள்ள முடியாது. மூளையோடு தொடர்பு அறுந்த காலும் அனிச்சையாக மடங்கும். கோழி திரும்பிப் பார்த்தாலோ சத்தமிட்டாலோதான் அதற்கு உணர்வு இருப்பதாகக் கொள்ளலாம். காயமே இல்லாமல் ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக் கிடந்தால் அது நரம்புகளைத் தாக்கும் மாரெக்ஸ் என்ற வைரஸ் நோயாகவும் இருக்கலாம் என்பதை நினைவில் வைக்கவும்.

கோழி வலியை மறைக்கும் உயிரினம். நலிந்தது தெரிந்தால் வேட்டை விலங்கும் கூட்டத்துக் கோழிகளும் அதைத்தான் முதலில் குறிவைக்கும் என்பதால், ஆள் நிழல் பட்டவுடன் கழுத்தை நிமிர்த்திச் சாதாரணமாக நிற்கும். ஆள் நகர்ந்தவுடன் இறகைச் சிலிர்த்துக்கொண்டு குறுகும். எனவே கதவிடுக்கு வழியாக, அது அறியாதபடி கால் மணி நேரமாவது பார்க்க வேண்டும். தானாகத் தண்ணீர் குடிக்கிறதா, தீவனத்தைக் கொத்துகிறதா, எழுந்து நிற்க முயல்கிறதா, அலகால் இறகைக் கோதிக்கொள்கிறதா என்று கவனிக்கவும். இவற்றுள் இறகு கோதுவதை நான் பெரிதாக நம்புகிறேன். கடும் வலியில் உள்ள கோழி பெரும்பாலும் அதில் அக்கறை காட்டுவதில்லை. எச்சம் கொஞ்சமாக, வெறும் பச்சையாக வந்தால் இரை உள்ளே போகவில்லை என்று பொருள். இரவில், கழுத்தின் அடியில் இரை தங்கும் தீனிப்பையைத் தொட்டுப் பார்த்து, காலையில் அது காலியாகியிருக்கிறதா என்று மீண்டும் பார்ப்பதும், தினமும் ஒரே நேரத்தில் எடை போடுவதும் நம் ஆசை சொல்லாத உண்மையைச் சொல்லும்.

என்னிடமிருந்த கருப்புப் பெட்டை ஒன்றுக்கு, கழுத்தின் அடியிலிருந்து வால் வரை தோல் உரிந்திருந்தது. வீட்டில் எல்லோரும் முடித்துவிடலாம் என்றார்கள். இரண்டாம் நாள் மாலை பெட்டியைத் திறந்தபோது, அது என் சட்டைப் பொத்தானைக் கொத்தியது. அந்த ஒரு கொத்தினால்தான் அதை விட்டுவைத்தேன். ஏழு வாரத்தில் மீண்டும் இறகு முளைத்தது. அதற்கு அடுத்த ஆண்டு, வெளியே பெரிய காயமில்லாத இன்னொரு கோழிக்கு நான்கு நாள் கையாலேயே ஊட்டினேன். ஒருமுறைகூட அது தானாகக் கொத்தவில்லை. நான் ஊட்டியதை அது விழுங்கியதால் தேறுகிறது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். முதல் நாள் மாலையே எடுத்திருக்க வேண்டிய முடிவை நான்காம் நாள் எடுத்தேன்.

ஆகவே கெடுவை முன்கூட்டியே எழுதிவைப்பது நல்லது. ஒரு நாளுக்குள் உடம்பில் சூடு திரும்பித் தானாகக் குடிக்க வேண்டும். மூன்று நாளுக்குள் தானாகத் தின்ன வேண்டும். அதன்பின் எடை தொடர்ந்து குறையக் கூடாது. இந்தக் கெடுக்கள் சட்டமல்ல, நான் கடைப்பிடிப்பவை. மருத்துவர் வலிநிவாரணி கொடுத்திருந்தால் ஓரிரு நாள் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் கெடு முடியும்போது கோழி தொடக்கத்தைவிட மோசமாக இருந்தால், புதிய கெடு வைக்கக் கூடாது. புண்ணில் அழுகல் நாற்றம் எழுந்து கோழியும் சோர்ந்தாலோ, ஈ முட்டையிட்டுப் புழு வைத்து அது வயிற்றுக்குள் இறங்கிவிட்டாலோ, கெடு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

ஒரு கண் போன கோழியும், இறக்கை கோணலாகச் சேர்ந்த கோழியும், விரல் இழந்த கோழியும் நன்றாகவே வாழும். கால் எலும்பு முறிவு சுத்தமாகக் கட்டப்பட்டால் சுமார் மூன்று வாரத்தில் கூடிவிடும். எலும்பு வெளியே நீட்டி உலர்ந்துவிட்டால் நிலைமை வேறு. ஒரு காலை முழுவதும் இழந்த கனத்த கோழிக்கு மற்றக் காலின் அடியில் புண் வந்துகொண்டே இருக்கும். செலவும் நேரமும் இந்தக் கணக்கில் சேராது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆறு வாரம் தினமும் கட்டு மாற்ற இயலாதவர் தொடங்கி நடுவில் விடுவதைவிட, தொடக்கத்திலேயே முடிப்பது கோழிக்கு நல்லது.

முடிவெடுத்தபின் கால்நடை மருத்துவர் போடும் ஊசியே சிறந்தது. அது வாய்க்காதபோது, கழுத்தெலும்பைத் தலையோட்டின் அடியில் ஒரே இழுப்பில் விலக்கிவிடும் முறை விரைவானது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு விதிமுறை இதைக் கையால் செய்ய 3 கிலோ வரையுள்ள பறவைகளுக்கு மட்டுமே இடம்தருகிறது. பழக்கமுள்ள ஒருவர் இறந்த கோழியில் செய்துகாட்டி நாம் கற்றுக்கொண்ட பிறகே இதைச் செய்ய வேண்டும். கை நடுங்குபவர் பழகியவரை அழைப்பதே கோழிக்குச் செய்யும் உதவி. தண்ணீரில் அமுக்குவது, உறைபெட்டியில் வைப்பது, விஷம் கொடுப்பது, வெளியே விட்டுவிடுவது ஆகியவை யாவும் நீண்ட வேதனையே. முடிந்தபின் ஓரிரு நிமிடம் இறக்கை வலுவாக அடித்துக்கொள்ளும். அது நரம்பின் அனிச்சைத் துடிப்பு என்று முன்பே தெரிந்திருந்தால் பதற்றத்தில் பிடியை விட்டுவிட மாட்டோம். துடிப்பு அடங்கியபின் மூச்சும் நெஞ்சுத் துடிப்பும் நின்றனவா, கருவிழியை விரல் நுனியால் தொட்டால் இமை அசைகிறதா என்று பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

ஊசியால் இறந்த கோழியை மனிதரோ நாயோ பறவையோ தின்னக் கூடாது. அந்த மருந்து தின்பவற்றையும் கொன்றுவிடும் என்பதால் ஆழமாகப் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும். இரத்தம் சிந்திய இடத்தை அன்றே கழுவி, மற்றக் கோழிகளின் மேல் இரத்தக் கறை இருந்தால் துடைத்துவிட வேண்டும். சிவப்பைக் கண்ட கோழிகள் அந்த இடத்தையே கொத்தத் தொடங்கும்.