என்சைம் பவுடர் போட்டால் மாத்திரை எச்சம் போய்விடுமா?

நாகர்கோவில் பக்கம் செப்டிக் டேங்க் நாறினால் என்சைம் பவுடர் பாக்கெட் ஒன்றைக் கரைத்து ஊற்றுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நாற்றம் குறையலாம், சரி. ஆனால் நாம் விழுங்கும் வலி மாத்திரையும் வலிப்பு மாத்திரையும் உடம்பில் முழுதும் செலவாகாமல் சிறுநீரோடு வெளியேறுகிறதே, அதையும் அந்தப் பவுடர் தீர்த்துவிடும் என்று நம்புவதுதான் முதல் தவறு. பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் புரதம், கொழுப்பு, மாவுச்சத்தை உடைக்கிற சரக்கு.

மருந்தை உடைப்பதற்குப் பேர்போனது லாக்கேஸ் என்கிற வேறொரு என்சைம். ரப்பர் தோட்டத்தில் மழையில் கிடக்கிற தடி வெளுத்துப் பஞ்சாகிப் போவதைப் பார்த்திருப்பீர்கள், அது வெண்மட்கல் பூஞ்சையின் வேலை. மரத்துக்கு உறுதி தருகிற லிக்னினையே அறுக்கிற அதன் லாக்கேஸ், டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தையும் ஒரு கை பார்க்கும். ஆனால் அதற்கு ஆக்சிஜன் வேண்டும். செப்டிக் டேங்குக்குள் ஆக்சிஜன் ஏது? மூட்டையாகக் கொட்டினாலும் சும்மாதான் கிடக்கும். உப்பில் இருக்கிற குளோரைடும் அதை முடக்கும் என்பதால், மணக்குடி மாதிரி உப்பு ஏறும் இடங்களில் இன்னும் கஷ்டம். கார்பமாசிபைன் என்ற வலிப்பு மருந்தோ லாக்கேஸுக்கு லேசில் மசியாது, ஒரே என்சைம் எல்லாவற்றுக்கும் ஆகாது.

என்சைம் என்றாலே நல்லபிள்ளை என்று நினைப்பதும் தப்பு. நம் கல்லீரல் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனோடு குளுகுரோனிக் அமிலத்தை ஒட்டி, செயலற்றதாக்கித்தான் வெளியே அனுப்புகிறது. சாக்கடையில் இருக்கும் ஈ.கோலை பாக்டீரியா தன் என்சைமால் அந்த ஒட்டைக் கழற்றிவிட, ஹார்மோன் பழையபடி உயிர் பெற்றுவிடும்!

அப்புறம், தெளிந்த நீரையோ பிஓடி ரிப்போர்ட்டையோ பார்த்து நிம்மதி அடையாதீர்கள். பிஓடி என்பது நீரில் உள்ள கழிவை உடைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு, லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. மருந்து எச்சம் மைக்ரோகிராம், நானோகிராம். அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு, அதற்கும் கீழே.

அடுக்குமாடிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருப்பவர்கள் செய்கிற தவறுதான் எனக்கு ரொம்ப எரிச்சல். அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியாவின் என்சைம், அந்த வேலைக்கு நடுவில் ஹார்மோனையும் சேர்த்து உடைக்கும், நமக்கு இலவசமாக. ஆனால் அவை மெதுவாகப் பெருகும் இனம். சேற்றை அடிக்கடி வெளியேற்றினால் அவையும் கூடவே போய்விடும், கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி காற்று ஊதும் புளோயரை அணைத்தால் மூச்சு முட்டி வேலையை நிறுத்திவிடும். மறுநாள் அதே ஆள்தான் என்சைம் பாக்கெட் வாங்கக் கடைக்குப் போவார்.